இரண்டு முழச் சுறா

போன மாதம் ஆஸ்பத்திரி ஆண்டு விழாவுக்கு எங்களைப் போன்ற ஓய்வு பெற்றவர்களையும் கூப்பிட்டிருந்தார்கள். சால்வை போடுவதற்காம். சால்வையை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் மரியாதையாக வீட்டுக்கு வந்திருக்கலாம். கையில் மைக்கைக் கொடுத்தார்கள், நானும் வாங்கித் தொலைத்தேன்.

என் பழைய அறையில் இப்போது வேலை பார்க்கும் ஒரு நர்ஸ் பெண் எழுந்து, "மேடம், அந்தக் காலத்துல நாய்க்கடிக்குத் தொப்புளைச் சுத்தி ஊசி போடுவீங்களாமே, நெசமா?" என்று கேட்டாள். அந்தக் காலமாம். என்னவோ நான் பாண்டியன் அரண்மனையில் வேலை பார்த்தது போல. தொண்ணூறுகளில் நடந்தது. அவள் பிறந்திருப்பாள், நடக்கத் தொடங்கியிருக்க மாட்டாள்.

நெசம்தான் என்றேன். இப்போது தோளில் ஒரு சின்னக் குத்து. ஆள் செல்போனைப் பார்த்துக்கொண்டே ஊசி போட்டுக்கொண்டு போய்விடுகிறார். அப்போது அப்படியில்லை. அந்த ஊசியை நான் யாருக்கெல்லாம் போட்டேன் என்று சொல்லிக்கொண்டு வந்தவள், சுறா கடித்த ஒருவருக்கும் போட்டேன் என்று சொல்லிவிட்டேன். மண்டபமே சிரித்தது. "மதுரையில சுறாவா மேடம்? எம்புட்டு பெரிசு?" என்றாள் அந்தப் பெண். அதற்கு நான் சொன்ன பதிலைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நான் திருவாதவூர்க்காரி. எங்கள் ஆட்கள் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். என் அப்பா காலத்தில்தான் சொந்தமென்று கொஞ்சம் நிலம் வந்தது, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் வந்தது. அந்த நாளில் எங்கள் தெருவுக்குள் வைத்தியர் வர மாட்டார். தெருமுனையில் நின்றுகொண்டு, "நாக்கை நீட்டச் சொல்லு" என்பார். யாராவது வீட்டுக்குள் ஓடிப்போய் நாக்கைப் பார்த்துவிட்டு, திரும்ப ஓடிவந்து அது என்ன நிறத்தில் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். நின்ற இடத்திலிருந்தே வைத்தியம் பார்க்கும் வித்தையை நான் சின்ன வயதிலேயே பார்த்துவிட்டேன். பிற்காலத்தில் எனக்கு வாய்த்த டாக்டரைப் பார்த்து நான் திகைக்காததற்கு அதுதான் காரணம்.

நர்சிங் படிப்பைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. படுக்கை விரிப்பை மடிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள், மேட்ரன் வந்தால் எழுந்து நிற்கச் சொல்லிக்கொடுத்தார்கள், மிச்ச நேரத்தில் மருத்துவம். அதன்பின் ஊர் ஊராக மாற்றல். கடைசியில் மதுரைக்குள் ஓர் அரசு ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தேன். பெயர் வேண்டாம். சின்ன ஆஸ்பத்திரி. ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி நொண்டிக்கொண்டே வந்துவிடலாம். எங்களிடம் வந்தவர்களில் பாதிப்பேர் நொண்டிக்கொண்டுதான் வந்தார்கள்.

எனக்குக் கொடுத்தது கடி அறை. பலகையில் வேறு ஏதோ மரியாதையான பெயர் எழுதியிருந்தது, ஊரில் எல்லாரும் கடி ரூம் என்றுதான் சொன்னார்கள். காலையில் வந்ததும் கண்ணாடி சிரிஞ்சுகளையும் ஊசிகளையும் கொதிக்கப் போட வேண்டும். குளிர்பெட்டியிலிருந்து மருந்தை எடுத்து வைக்க வேண்டும். புதிதாகக் கடிபட்டு வந்தவர் காயத்தைக் குழாயடியில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிட வேண்டும். நாய்க்கடிக்குத் தையல் போடக்கூடாது, கட்டும் இறுக்கக்கூடாது. அப்புறம் மேசையில் படுக்கவைத்து, சட்டையைத் தூக்கி, வயிற்றைக் கடிகாரம் மாதிரி நினைத்துக்கொள்ள வேண்டும். நேற்று ஒரு மணி இருக்கும் இடத்தில் குத்தினால் இன்று இரண்டு மணி இருக்கும் இடம். மருந்து சிரிஞ்சு நிறைய இருக்கும். அதைத் தோலுக்கடியில் மெதுவாக ஏற்ற வேண்டும். மீசை வைத்த பெரிய பெரிய ஆட்களெல்லாம் "ஆத்தா" என்று என் கையைப் பிடித்திருக்கிறார்கள்.

இதில் ஒரு விதி உண்டு. கடித்த நாயைப் பத்து நாள் கண்காணிக்க வேண்டும். நாய் நன்றாக இருந்தால் ஊசியை நிறுத்திக்கொள்ளலாம். செத்துப்போனாலும் காணாமல் போனாலும் முழுசாகப் போட்டாக வேண்டும். நல்ல விதிதான். ஆனால் இதனால் எங்கள் வரிசையில் நின்றவர்கள் தங்கள் உடம்பைப் பற்றிப் பேசவே மாட்டார்கள், நாயின் உடம்பைப் பற்றித்தான் பேசுவார்கள். "எங்க நாய் நேத்து மூணு இட்லி சாப்பிட்டுச்சு சிஸ்டர்" என்று ஒருவர் பெருமையாகச் சொல்வார். கடித்த தெருநாய் செத்துவிடக்கூடாதே என்று தினமும் பால் ரொட்டி வாங்கிப் போட்டவர்கள் உண்டு. அந்த நாய்கள் எங்கள் ஆஸ்பத்திரியால் கொழுத்தன.

இந்த அறைக்கு அதிகாரி வைத்திலிங்கம் டாக்டர். வெள்ளைச் சட்டை, மடித்த கைக்குட்டை, அந்தக் கைக்குட்டை எப்போதும் மூக்கில். அறைக்குள் வர மாட்டார். வாசல் நிலையில் ஒரு தோளைச் சாய்த்து நின்றுகொண்டு மூன்று கேள்வி கேட்பார். "எது? எப்ப? இருக்கா?" எது கடித்தது, எப்போது கடித்தது, கடித்தது உயிரோடு இருக்கிறதா. பதில் வந்ததும், "சிஸ்டர், போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். காயத்தை அவர் குனிந்து பார்த்து நான் பார்த்ததில்லை.

அவர் முட்டாள் இல்லை. நன்றாகப் படித்தவர். அவரைக் கெடுத்தது ஒரு குரங்கு. நான் வருவதற்கு முன்பு, மலைக்கோயிலுக்குப் போன ஒருவரைக் குரங்கு கீறிவிட்டதாம். "லேசான கீறல்தான், போங்க" என்று இவர் அனுப்பிவிட்டார். அந்த ஆள் யாரோ பெரிய இடத்துச் சொந்தம். மேலிடத்தில் விசாரணை வைத்து, இவரை நிற்கவைத்துக் கேள்வி கேட்டார்கள். குரங்கு நன்றாகத்தான் இருந்தது, கீறல் பட்டவரும் நன்றாகத்தான் இருந்தார். டாக்டர்தான் அதன் பிறகு நன்றாக இல்லை.

அன்றிலிருந்து அவர் சட்டம் ஒன்றே ஒன்று. கடி என்று வாயைத் திறந்தால் ஊசி. எலிக்கடிக்கும் ஊசி, அணில்கடிக்கும் ஊசி. பொண்டாட்டி கடித்துவிட்டாள் என்று காளவாசலிலிருந்து ஒருவர் வந்தார். டாக்டர் வழக்கம்போல "இருக்கா?" என்றார். "வெளிய பெஞ்சுல உக்காந்துருக்கா சார்" என்றார் அவர். அவருக்கும் போட்டோம்.

இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் ஒருநாள் காலையில் தாமோதரன் வந்தார். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிற குடும்பம். சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடும் தொழில். கூட வந்தவர் அவருடைய தாய்மாமா துளசிராம். கெண்டைக்காலில் மஞ்சள் கறை படிந்த ஒரு துணி சுற்றியிருந்தது. அவிழ்த்துப் பார்த்தேன். பிறை மாதிரி ஒரு வளைவு, அதில் வரிசையாகச் சின்னச் சின்ன வெட்டு. ஆழமில்லை. ஆனால் நாய்க்கடி அப்படி இருக்காது என்று பார்த்ததும் தெரிந்தது.

டாக்டர் வாசலில் வந்து நின்றார்.

"எது?"

"சுறா சார்" என்றார் தாமோதரன்.

டாக்டர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "யார் வீட்டுது?"

"வீட்டுது இல்ல சார். கடல்ல இருந்துச்சு. ராமேஸ்வரத்துல குளிச்சுக்கிட்டிருந்தேன். கரையிலருந்து கூப்பிடு தூரம்தான்."

"யாரும் வளர்க்கலை. சரி. எப்ப?"

"முந்தாநாள் காலையில."

"இருக்கா?"

தாமோதரன் கொஞ்சம் யோசித்தார். "கடல்லதான் சார் இருக்கும்."

"இருக்கும்ங்கிறது வேற, இருக்குங்கிறது வேற. பத்து நாள் பாக்கணும். அங்க யாராச்சும் அதைப் பாத்துக்கிறாங்களா?"

மாமா துளசிராம் என்னைப் பார்த்தார். நான் சிரிஞ்சைப் பார்த்தேன். "இல்ல சார்" என்றார் தாமோதரன். "அப்ப சிஸ்டர், போடுங்க" என்று சொல்லிவிட்டு டாக்டர் போய்விட்டார்.

எங்கள் அட்டெண்டர் முனியாண்டி அண்ணே இளகிய மனசுக்காரர். வரிசையைச் சத்தம்போட்டு நிறுத்துவதும், வரிசையில் நிற்பவர்களுக்கு யோசனை சொல்வதும் அவர் வேலை. இரண்டாவது வேலைக்குச் சம்பளம் கிடையாது. அவர் தாமோதரன் காதருகில் குனிந்து, "மாப்ள, கிளிஞ்சல் கிழிச்சிருச்சுன்னு சொல்லிப்புடு. கடியே இல்லேன்னா ஊசியே இல்ல. கட்டு மட்டும் போட்டு அனுப்பிருவாக. நான் போயி டாக்டர்ட்டச் சொல்லிட்டு வாரேன்" என்றார்.

"கிளிஞ்சல் கிழிக்கலையேண்ணே. சுறாதான் கடிச்சது. நான் கண்ணால பாத்தேன்."

"எம்புட்டு பெரிசு?"

"ரெண்டு முழம் இருக்கும்."

முனியாண்டி அண்ணே முகம் வாடிவிட்டது. இன்னும் பெரிதாக எதிர்பார்த்திருப்பார்.

நானும் சொல்லிப் பார்த்தேன். "தம்பி, வயித்துல ஊசி. தினமும் வரணும். யோசிச்சுச் சொல்லுங்க." அவர், "ரொம்ப வலிக்குமா சிஸ்டர்?" என்று கேட்டார். வலிக்கும் என்றேன். "சரி போடுங்க. வலிக்கும்னு இல்லாததைச் சொல்ல முடியுமா?" என்று சட்டையைத் தூக்கிக்கொண்டு படுத்துவிட்டார். எனக்கு ஆத்திரமாக வந்தது. இப்படி ஒரு மடையனா என்று நினைத்துக்கொண்டேதான் அன்றைக்கு ஊசியை ஏற்றினேன்.

மத்தியானம் டாக்டரிடம் போய், மீனுக்கு வெறி பிடிக்குமா சார் என்று கேட்டேன். கைக்குட்டையை எடுத்துவிட்டு, ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு மனுஷனைப் போலப் பேசினார். "பிடிக்காதும்மா. எனக்குத் தெரியாதா? ரணஜன்னிக்கு டி.டி. ஊசி ஒண்ணு போட்டு, காயத்தைச் சுத்தம் பண்ணாப் போதும். ஆனா ஊசி போட்டதுக்கு எவனும் என்னைய நிக்கவச்சுக் கேக்க மாட்டான். போடலேன்னாத்தான் கேப்பான்." வெளியே வந்து என் வேலையைப் பார்த்தேன்.

விஷயம் அத்தோடு முடிந்திருந்தால் நாலைந்து நாள் சிரித்துவிட்டு மறந்திருப்பேன். மறுநாள் மாமா துளசிராம் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கண்கலங்கினார். தாமோதரனுக்கு வருகிற முகூர்த்தத்தில் கல்யாணம். கல்யாணப் பத்திரிகையைச் சாமி காலடியில் வைக்கத்தான் குடும்பத்தோடு ராமேஸ்வரம் போயிருக்கிறார்கள். மாப்பிள்ளை வைகைப் பக்கத்துக் கிணறுகளில் நீந்தப் பழகியவர். கடலையும் ஒரு பெரிய கிணறு என்று நினைத்து உள்ளே போய்விட்டார். இப்போது அவர் கடி ரூமுக்குப் போய் வருவது பெண் வீட்டுக்குத் தெரிந்துவிட்டது. பெண்ணின் அப்பா சேலைக்கடைக்காரர். "சுறான்னு சொல்லி என்னைய ஏமாத்துறீங்களா? நாய்க்கடி ஊசி போட்டவனுக்கு எம்பொண்ணைக் குடுத்துட்டு, என்னைக்கு அவன் குரைப்பானோன்னு நான் ராத்திரி முழுக்க முழிச்சிருக்கவா? கடிச்சது நாய் இல்லேன்னு டாக்டர் வாயால சொல்லட்டும். இல்லேன்னா கல்யாணத்தை நிறுத்திருவேன்" என்று சொல்லிவிட்டாராம்.

துளசிராம் டாக்டரிடம் போய்க் கெஞ்சினார். டாக்டர் வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு, "கடிச்ச மிருகம் கண்காணிப்புல இல்ல. அம்புட்டுத்தான் என்னால சொல்ல முடியும்" என்றார். அந்த மனிதர் கையைக் கூப்பியபடி நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. ஒரு கல்யாணம் நிற்கப்போகிறது, யாரையோ எப்போதோ கீறிய ஒரு குரங்கினால்.

இதற்கிடையில் சுறா வளரத் தொடங்கியது. முனியாண்டி அண்ணே டீக்கடையில் சொன்னபோது அது ஆள் உயரத்துக்கு வந்துவிட்டது. ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் அது படகைக் கவிழ்த்தது. காளவாசல் போய்ச் சேர்ந்தபோது மாப்பிள்ளைக்கு ஒரு கால் இல்லை. அங்கிருந்து இரண்டு பேர் சைக்கிள் மிதித்துக்கொண்டு வந்து, "கால் போன ஆளு எந்த வார்டு சிஸ்டர்?" என்று என்னையே கேட்டார்கள். வரிசையில் உட்கார்ந்திருப்பவர்தான் என்று காட்டினேன். இரண்டு காலையும் பார்த்துவிட்டு அவர்களுக்கு மனசே ஆறவில்லை. "ஏண்ணே, சுறா எம்புட்டு இருக்கும்? ஒரு பத்து முழம்?" என்று ஒருவர் கெஞ்சாத குறையாகக் கேட்டார். "இல்லண்ணே, ரெண்டு முழம்" என்றார் தாமோதரன்.

தினமும் யாராவது கேட்பார்கள். நாய்க்கடிக்கு வந்தவர்கள், அவர்களோடு வந்தவர்கள், போஸ்ட்மேன், பக்கத்து வார்டு சமையல்காரர். அத்தனை பேருக்கும் அதே பதில், அதே இரண்டு முழம், கையால் அளந்து காட்டிவிட்டுத் தன் இடத்தில் உட்கார்ந்துகொள்வார். பிள்ளைகள் அழுதால் தன் முறையை விட்டுக்கொடுத்து அவர்களை முன்னால் அனுப்புவார். எனக்கு ஆத்திரம் மெல்ல மெல்ல இறங்கிவிட்டது.

அந்த நாட்களில் இன்னொன்றும் கவனித்தேன். வாசலுக்கு வெளியே பெஞ்சில் தினமும் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். முக்காடு போட்ட மாதிரி துப்பட்டாவைத் தலையில் இழுத்து விட்டிருப்பாள், மடியில் ஒரு தோல்பை. ஊசி போட்டுக்கொள்ள உள்ளே வரவில்லை. "ஏம்மா, ஒன்னைய எது கடிச்சது?" என்று ஒருநாள் கேட்டேன். "ஒண்ணும் கடிக்கலை சிஸ்டர். துணைக்கு வந்தேன்" என்றாள். யாருக்குத் துணை என்று கேட்பதற்குள் கொதிக்கிற தண்ணீர் பொங்கிவிட்டது. உள்ளே ஓடிவிட்டேன்.

மாமா துளசிராம் ஒரு முடிவுக்கு வந்தார். டாக்டர் கடித்ததைப் பார்க்க வேண்டும் என்கிறார், சரி, காட்டிவிடுவோம் என்று கடற்கரைக்குப் பஸ் ஏறிவிட்டார். அவர்கள் வீட்டு அடுப்பில் மீன் ஏறியதே இல்லை. அந்த மனிதர் மறுநாள் காலையில் ஒரு பெரிய சாக்கு மூட்டையோடு வந்து இறங்கினார். ஐஸ் உருகி வழியெல்லாம் ஒழுகியிருக்கிறது. பஸ்ஸில் யாரும் அவர் பக்கத்தில் உட்காரவில்லையாம், ஆரப்பாளையத்திலிருந்து பூனைகள் மட்டும் கூடவே வந்திருக்கின்றன. என் அறைத் தரையில் மூட்டையை அவிழ்த்தார். ஆள் நீளத்துக்கு ஒரு சுறா.

அப்போதுதான் அது நடந்தது. வைத்திலிங்கம் டாக்டர் வாசல் நிலையைத் தாண்டி உள்ளே வந்தார். இத்தனை வருடத்தில் ஒரு நோயாளிக்காகவும் உள்ளே வராதவர், சுறாவுக்காக வந்தார். குனிந்துகூடப் பார்த்தார்.

"இதுதானா?"

"இதேதான் சார். மீன்காரங்ககிட்ட விசாரிச்சு, தேடிப் பிடிச்சுக் கொண்டாந்தேன்" என்றார் துளசிராம்.

"செத்திருக்கே."

"ஆமா சார்."

"எப்ப?"

"நேத்துதான் சார்."

டாக்டர் நிமிர்ந்தார். "அப்ப கடிச்சு பத்து நாளுக்குள்ள மிருகம் செத்திருக்கு" என்றார். என் பக்கம் திரும்பி, "சிஸ்டர், முழு கோர்ஸ். ஒண்ணுகூடக் குறையக்கூடாது" என்றார்.

துளசிராம் அந்தச் சுறாவுக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். மேசையில் சட்டையைத் தூக்கிக்கொண்டு படுத்திருந்த தாமோதரன் தலையை மட்டும் தூக்கிப் பார்த்தார். "சார், இது இல்ல. என்னையக் கடிச்சது ரெண்டு முழம்தான்" என்றார்.

"டேய், நீ சும்மா கெட" என்று பல்லைக் கடித்தார் மாமா.

டாக்டர் கொஞ்சமும் கலங்கவில்லை. "இது இல்லேன்னா அது காணோம்னு அர்த்தம். காணாமப் போனாலும் முழு கோர்ஸ்தான்" என்று சொல்லிவிட்டு மறுபடி வாசல் நிலைக்குப் போய்ச் சாய்ந்துகொண்டார்.

சுறாவை முனியாண்டி அண்ணே வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் சுறாப் புட்டு டிபன் டப்பாவில் எல்லாருக்கும் வந்தது, டாக்டருக்கும் போனது. நல்ல ருசி. பொய் சொல்வானேன், நானும் சாப்பிட்டேன்.

அடுத்த சில நாளில் பெண்ணின் அப்பா வந்துவிட்டார். நிச்சயதார்த்தத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் வைத்த சேலையையும் தட்டையும் ஒரு பையில் எடுத்துக்கொண்டு, திருப்பிக் கொடுக்கத் தயாராகவே வந்திருந்தார். தாமோதரன் மேசையில் படுத்திருக்கிறார். என் கையில் நிறைத்த சிரிஞ்சு. துளசிராம் சுவரோடு ஒட்டி நிற்கிறார்.

"டாக்டர், எனக்கு ஒரே வார்த்தை போதும். நாயா, சுறாவா?"

"மிருகம்" என்றார் டாக்டர்.

"அம்புட்டுத்தான. சரி, அப்ப நிறுத்திக்கிருவோம்" என்று அவர் பையைத் துளசிராம் காலடியில் வைத்தார்.

"நிறுத்த வேணாம்ப்பா."

எல்லாரும் திரும்பினோம். பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண் எழுந்து வாசலில் நின்றாள். தலையில் இருந்த துப்பட்டா இறங்கியிருந்தது. அவள்தான் கல்யாணப் பெண், சுலோச்சனா. முக்காட்டுக்குள் இருந்ததால் துளசிராம் இத்தனை நாள் கவனிக்கவில்லை. பெண் பார்க்க வந்த அன்றைக்கு மாப்பிள்ளை வெட்கத்தில் நிமிரவே இல்லையாம். அதனால் இத்தனை நாள் எதிரே உட்கார்ந்திருந்தும் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. இப்போது தெரிந்ததும் சட்டையைச் சட்டென்று இழுத்து வயிற்றை மூடிக்கொண்டார். என் ஊசி அந்தரத்தில் நின்றது.

"நீ எங்கடி இங்க?" என்றார் அப்பா.

"தினமும் இங்கதான்ப்பா இருக்கேன். டைப்ரைட்டிங் கிளாஸுக்குப் போறேன்னு சொல்லிட்டு வருவேன்." பிறகு டாக்டரைப் பார்த்தாள். "சார், கடிச்சதைப் பத்து நாள் பாக்கணும்னு நீங்க வர்றவங்க எல்லார்ட்டயும் சொல்றீங்க. கடிச்சதைப் பாக்க முடியலை. அதான் நான் கடிபட்டவரைப் பாத்தேன்."

டாக்டர் மூக்கிலிருந்த கைக்குட்டையை எடுத்தார்.

"அப்பா, ஊருக்குள்ள அந்தச் சுறா படகு பெருசு ஆயிருச்சு. நீங்களே நேத்து கடையில உக்காந்துக்கிட்டு பனைமர நீளம்னு சொல்லிக்கிட்டிருந்தீங்க. இவருகிட்ட எத்தனை பேரு வந்து கேட்டாங்க தெரியுமா? எல்லாருக்கும் ரெண்டு முழம்தான். அவுக மாமா இம்புட்டு பெருசா ஒண்ணைக் கொண்டாந்து போட்டாரு. ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மாமாவுக்கு மானம் மிஞ்சியிருக்கும். அப்பயும் ரெண்டு முழம்தான்னாரு. கிளிஞ்சல்னு சொன்னா ஊசியே இல்லேன்னு வரிசையில தினமும் ஆளாளுக்குச் சொன்னாங்க. அதையும் சொல்லலை." தோல்பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். "எனக்கு நாயும் தெரியாது, சுறாவும் தெரியாதுப்பா. இவரு ஒண்ணைச் சொன்னா அது அம்புட்டுத்தான் இருக்கும். கட்டிக்கிட்டுப் போறவளுக்கு வேற என்ன வேணும்?"

அவள் அப்பா மாப்பிள்ளையை ஏற இறங்கப் பார்த்தார். ஒரே சேலைக்குக் காலையில் ஒரு விலையும் சாயங்காலம் ஒரு விலையும் சொல்லிப் பழகியவர் என்று பின்னால் துளசிராம் சொன்னார். எனக்கு அந்த இடத்திலேயே கண்ணீர் வந்துவிட்டது. சிரிஞ்சைப் பிடித்திருந்ததால் துடைக்கவும் முடியவில்லை.

டாக்டர் தொண்டையைச் செருமினார். "எத்தனை நாளாப் பாக்குறம்மா?"

"பத்து நாளுக்கு மேல ஆச்சு சார்."

"விடாம?"

"விடாம."

டாக்டர் வாசல் நிலையிலிருந்து தோளை எடுத்து நேராக நின்றார். "சிஸ்டர், பத்து நாள் கண்காணிப்பு நடந்திருக்கு. விதி அம்புட்டுத்தான் கேக்குது. ஊசியை நிறுத்திருங்க" என்றார்.

யாரைக் கண்காணிக்க வேண்டும் என்று விதியில் இருக்கிறதே சார் என்று என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நல்லவேளை, அடக்கிக்கொண்டேன். நிறைத்த மருந்தைத் தொட்டியில் ஊற்றினேன். அரசு மருந்தை வீணடித்து நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு தடவைதான். பெண்ணின் அப்பா குனிந்து பையை எடுத்துக்கொண்டு, "வாம்மா, வீட்டுக்குப் போவம்" என்றார். வாசலைத் தாண்டியவர் திரும்பி வந்து, மேசையில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையிடம், "மெய்யாவே ரெண்டு முழம்தானா மாப்ள?" என்று கேட்டார்.

"ஆமா மாமா. கொஞ்சம் குறைச்சலாகூட இருக்கலாம்."

கல்யாணத்துக்கு எங்கள் அத்தனை பேருக்கும் அழைப்பு வந்தது. நான் போனேன், முனியாண்டி அண்ணே போனார். வைத்திலிங்கம் டாக்டரும் வந்திருந்தார். மண்டபத்து வாசல் நிலையில் சாய்ந்து நின்று, அங்கிருந்தே அட்சதையை வீசினார். மேடை வரைக்கும் போய்ச் சேரவில்லை. முன் வரிசையில் இருந்தவர்கள் தலையில் விழுந்தது.

இத்தனையையும் அந்த நர்ஸ் பெண்ணுக்கு மேடையில் சொல்ல நேரமில்லை. அடுத்து ஒரு நடனம் இருந்தது. பிள்ளைகள் சலங்கை கட்டிக்கொண்டு படியோரம் நின்றார்கள். "எம்புட்டு பெரிசு மேடம், கையால காட்டுங்க" என்றாள் அவள். மண்டபம் முழுக்க என்னையே பார்த்தது. அத்தனை பேர் பார்க்கும்போது மனுஷிக்கு ஓர் ஆசை வரத்தான் செய்கிறது. மைக்கை மேசையில் வைத்துவிட்டு இரண்டு கையையும் விரித்தேன். விரிந்துகொண்டே போயிற்று. பக்கத்து நாற்காலிக்காரர் நகர்ந்து இடம் கொடுத்தார்.

அப்போது அந்தப் பெஞ்சில் தலையில் துப்பட்டாவோடு உட்கார்ந்திருந்தவள் ஞாபகத்துக்கு வந்தாள். கையைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே கொண்டுவந்து, இரண்டு முழத்தில் நிறுத்தினேன்.

"இம்புட்டுத்தானா மேடம்?" என்றாள்.

"இம்புட்டுத்தான்" என்றேன்.